பஸாலின் ஓய்வு நாளும் கண் சொட்டு மருந்தும்

பஸால் யாரைச் சந்தித்தாலும் முதலில் மூக்கைத்தான் பார்ப்பார். கல்முனை நகரில் ஒரு கண்ணாடிக் கடையில் பதினொரு வருடங்களாக நிற்பவர். எந்த மூக்கில் எந்தப் பிரேம் வழுக்கும், எந்த மூக்கில் நிற்கும் என்பது அவருக்கு அளக்காமலே தெரியும். "உங்கட மூக்குக்கு பாரமான பிரேம் சரிவராது தங்கச்சி" என்று என்னிடம் சொன்னதுதான் எங்கள் அறிமுகம். நான் கண்ணாடி போடுவதில்லை.

அது ஒரு வெளிநாட்டு மருத்துவக் கப்பலில் நடந்தது. கப்பல் ஒலுவில் கடலில் நங்கூரம் போட்டு மூன்று கிழமை நின்றது. கரையிலிருந்து சிறு படகுகளில் நோயாளர்களை ஏற்றி வந்து, கண்ணும் பல்லும் பார்த்து, பின்னேரம் கொண்டுபோய் விடுவார்கள். ஊரிலிருந்து பதினெட்டுப் பேர் தொண்டர்களாகப் போயிருந்தோம். நான் பதிவு மேசையில் இருந்து நோயாளர்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதினேன். பஸால் கண் பிரிவில் கண்ணாடி பொருத்தினார். எல்லோரும் கப்பலிலேயே தங்க வேண்டும். கிழமைக்கு ஒரு நாள் ஓய்வு. ஓய்வு நாளில் கழுத்து அட்டையை வாங்கி வைத்துவிடுவார்கள். அன்றைக்கு யாராவது வேலை செய்வதைக் கண்டால் தலைமைத் தாதி, திருடனைக் கண்டது போலக் கத்துவா.

ஓய்வு கிடைத்தவர்கள் முதல் படகிலேயே கரைக்கு ஓடிவிடுவோம். பஸால் மட்டும் போகமாட்டார். காரணம், கரைக்குப் போவதென்றால் சிறு படகில் ஏற வேண்டும்.

பஸாலின் வாப்பா பக்கீர், சாய்ந்தமருதில் பெயர் தெரிந்த மீனவர். கடல் ஊருக்குள் வந்த வருடத்துக்கு அடுத்த வருடம் அவருக்குப் புதுப் படகு ஒன்று கிடைத்தது. பன்னிரண்டு வயது மகனையும் சந்தோஷமாக ஏற்றிக்கொண்டு போனார். கரை மறைவதற்கு முன்னரே பஸால் குமட்டிச் சத்தி எடுக்கத் தொடங்கினார். முதலில் வலையில். அடுத்து ஐஸ் பெட்டியில். கடைசியாக, நான்கு பேருக்குக் கட்டிக் கொண்டுபோன சோற்றில். அதற்குப் பிறகு படகைத் திருப்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அன்று முதல் ஊரில் அவருக்குப் பெயர் "றிவர்ஸ்". கடைக்கு வருகிற பெரியவர்கள் சிலர் இன்றைக்கும் "றிவர்ஸ் இரிக்காரா?" என்றுதான் கேட்பார்களாம். கரைவலை இழுப்பதைக்கூட அவரால் அதிக நேரம் பார்க்க முடியாது. அலை போய் வருவதைப் பார்த்தாலே தலை சுற்றும்.

இப்படிப்பட்ட ஒருவர் ஏன் கப்பலுக்குத் தொண்டராக வந்தார் என்பதை இரண்டாம் கிழமையில்தான் எனக்குச் சொன்னார். அதையும் நான் கேட்டுச் சொல்லவில்லை. நான் அவ்வளவாகக் கதைக்காதவள் என்பதால் எல்லோரும் தங்கள் கதைகளை என்னிடம் கொண்டுவந்து இறக்கிவைப்பார்கள்.

காரணத்தின் பெயர் ஸம்றா. அவள் வீட்டார் சாய்ந்தமருது இல்லை, பக்கத்து ஊர். அவள் ஒரே கண்ணாடியை, ஒரே ஆணி கழன்றுவிட்டதென்று நான்கு தடவை கடைக்குக் கொண்டுவந்தாள். ஆணி தானாகக் கழன்றதா என்று பஸால் கேட்கவில்லை. ஐந்தாம் தடவை ஆணி வரவில்லை. தரகர் வந்தார்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவார். ஸம்றாவின் வாப்பாவுக்கு ஒரு மீன்பிடிப் படகு இருந்தது, ஆண் பிள்ளை இல்லை. வீடும் மகளுக்கு, படகும் மகளுக்கு. வருகிற மாப்பிள்ளை படகைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "பக்கீர்ர மகன் எண்டா கடல் தெரிஞ்சவன்தானே" என்று தரகர் அங்கே சொல்லிவிட்டு வந்திருந்தார். றிவர்ஸ் கதையை அவர் சொல்லவில்லை. தரகருக்கும் பிழைப்பு இருக்கிறது.

ஆகவே பஸால் ஒரு திட்டம் போட்டார். மூன்று கிழமை கடலில் இருந்தால் உடம்பு பழகிவிடும். பழகிவிட்டால் ஸம்றா கிடைப்பாள்.

உடம்பு பழகவில்லை. அதற்குப் பதிலாக, கப்பலிலேயே மிகக் குறைவாக ஆடுகிற இடத்தை அவர் கண்டுபிடித்தார். கீழ்த்தட்டில், சலவை அறைக்கு வெளியே, மூன்றாவது குழாய்க்குப் பக்கத்தில். அங்கே ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு ஓய்வு நாள் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். சலவைக்காரர்கள் அவரை ஏதோ தண்டனையில் இருப்பவர் என்று நினைத்து அடிக்கடி பிஸ்கட் கொடுத்தார்கள்.

மூன்றாவது ஓய்வு நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலையிலிருந்து கொண்டல் காற்று தூக்கியடித்தது. அதுவரை பெரிதாக அசையாத கப்பல், தொட்டில் போல ஆடத் தொடங்கியது. காலை ஒன்பது மணிக்கு வந்த படகிலிருந்து ஒரு ஆணும் பெண்ணும் தள்ளாடி ஏறிவந்து என் மேசைக்கு முன்னால் அமர்ந்தார்கள். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், முகம் வெளிறியிருந்தது. அந்தப் பெண் அவருக்கு மூத்தவ, கையில் ஒரு கட்டுப் பிளாஸ்டிக் சொப்பிங் பேக்கோடு தெளிவாக இருந்தா.

"பேர்?"

"றஸாக். இது என்ர ராத்தா, சபூறா. ரெண்டு பேருக்கும் கண்தான் பார்க்கணும்" என்றார் அவர். அவருடைய கண் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் போகிற வருகிற ஒவ்வொரு ஆணின் கழுத்து அட்டையையும் எட்டி எட்டி வாசித்துக்கொண்டிருந்தது.

"கண்ணுல என்ன கரைச்சல்?"

"தூரத்துல உள்ளது தெரியாது" என்றார். அதே நேரம் மேல்தட்டின் அடுத்த மூலையில் நின்ற ஒருவரைக் காட்டி, "ராத்தா, அது சுதன் எண்டு போட்டிரிக்கி. அவரில்ல" என்று இரகசியமாகச் சொன்னார்.

சபூறாவின் படிவத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் யார் என்று கேட்டேன். "மகள். ஸம்றா" என்றா.

என் பேனா நின்றுவிட்டது. சம்பிரதாயமாகக் கேட்டு வருவதற்கு முன்னர், பெண் வீட்டார் மாப்பிள்ளையைக் களவாக ஒரு தடவை வந்து பார்ப்பார்கள். அவன் கடைக்குப் பக்கத்தில் தேநீர் குடிப்பார்கள், தேவையில்லாத சாமானுக்கு விலை கேட்பார்கள். தாங்கள் பார்ப்பது மாப்பிள்ளைக்குத் தெரியாதென்று அவர்கள் நினைக்க வேண்டும். தெரியாதது போல மாப்பிள்ளை இருக்க வேண்டும். இதுதான் முறை. ஆனால் அதற்காக நம்பர் எடுத்து, கடல் கடந்து, மருத்துவக் கப்பலுக்கு ஏறிவந்தவர்களை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அவர்களைக் கண் பிரிவுக்கு அனுப்பிவிட்டு, தேநீர் இடைவேளையில் கீழ்த்தட்டுக்கு ஓடினேன். பஸால் தன் கதிரையில் இருந்தார். தலையில் துவாயைச் சுற்றியிருந்தார். நெற்றி, மூக்கு, தொண்டை எல்லாம் கோடாலித் தைலம். முகம் பச்சை.

"காக்கா, ஸம்றாட உம்மாவும் மாமாவும் வந்திரிக்காங்க. உங்களப் பார்க்க" என்றேன். மூத்த ஆண்களை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"இண்டைக்கா?" சத்தி எடுத்து எடுத்து அவருடைய குரல் கரகரத்திருந்தது. "கிழமையில ஏழு நாள் இரிக்கி. ஆறு நாள் நான் யூனிபோர்மோட, வாசமா நிக்கன். இண்டைக்கா?"

"நான் சொன்னனெண்டு காட்டிக்கொள்ளாதீங்க" என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

பஸால் வெள்ளைச் சேர்ட் ஒன்றைத் தேடி உடுத்து, தலை சீவி, மேல்தட்டில் கம்பியில் சாய்ந்து தூரத்தைப் பார்த்தபடி நிற்கத் திட்டமிட்டாராம். அதற்கு அவருக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. இடையில் மூன்று தடவை குனிய வேண்டியிருந்தது. சேர்ட்டை மாற்றினார். தலையிலிருந்த துவாயை மறந்துவிட்டார்.

அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் மேலே வேறொரு காரியம் நடந்துவிட்டது. நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் கண்மணியை விரிக்கிற சொட்டு மருந்து விடுவது கண் பிரிவின் வழக்கம். அது விட்டால் நாலைந்து மணித்தியாலத்துக்கு வெளிச்சம் கூசும், பக்கத்தில் உள்ளதெல்லாம் புகையாகத் தெரியும். முன்னால் நிற்பது ஆள் என்று தெரியும், யாரென்று தெரியாது. மாப்பிள்ளை பார்க்க வந்த நான்கு கண்ணுக்கும் இரண்டு இரண்டு சொட்டு விட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு, மேல்தட்டில் வெயிலுக்குக் கட்டிய படங்குக்குக் கீழே இருந்த நீள வாங்குப் பலகையில் கொண்டுவந்து இருத்திவிட்டார்கள். அதற்குப் பக்கத்தில்தான் என் மேசையும் இருந்தது.

"ராத்தா, இப்ப என்ன செய்யிற?" என்று றஸாக் கேட்டார்.

"கப்பல் ஏறி வந்து குருடா இரிக்கம். என்னத்தச் செய்யிற?"

அந்த நேரத்தில்தான் பஸால் படியேறி வந்தார். கம்பியை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு அடியாக, முதுகு வளைந்து வந்தார். கம்பியில் சாய்ந்து நிற்கும் திட்டம் அவரிடம் இன்னும் இருந்தது. ஆனால் ஒரு அலை கப்பலை ஒரு பக்கமாகச் சரித்தது. பஸால் நாலு எட்டு தானாக ஓடி, றஸாக்குக்குப் பக்கத்தில் வாங்கில் வந்து விழுந்தார்.

"மெல்ல, காக்கா, மெல்ல" என்றார் றஸாக், தள்ளி இடம் கொடுத்தபடி. துவாய், தைல மணம், கரகரப்பு, மூச்சு. வேறென்ன நினைப்பார்? "வயசு போன நேரத்துல இப்பிடி ஓடப்படா. விழுந்தா எலும்பு பொருந்தாது."

"பாவம். தனியவா வந்தீங்க? புள்ளைகள் இல்லையா?" என்று சபூறா கேட்டா.

நான் வாயைத் திறந்தேன். பஸால் என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையை ஆட்டினார். திறந்த வாயில் பேனாவை வைத்துக் கடித்துக்கொண்டேன்.

"இன்னம் இல்ல" என்றார் பஸால்.

"இன்னமா!" சபூறாவுக்கு மிகவும் கவலையாகிவிட்டது. "அல்லாஹ்தான் நாடணும்."

"காக்கா, நீங்க இந்தக் கப்பல்ல கனநாளா?" றஸாக் குரலைத் தாழ்த்தினார். "நாங்க கண் காட்ட வந்ததெண்டாலும், உண்மையில ஒரு மாப்புள பார்க்க வந்த. பக்கீர்ர மகன், பஸால் எண்டு. கண்ணாடிக் கடையில நிக்கிற பொடியன். நீங்க கண்டீங்களா?"

"கண்டிரிக்கன்."

"ஆள் எப்பிடி?"

பஸால் சற்று யோசித்தார். "பரவாயில்ல."

"பரவாயில்லையெண்டா? காக்கா, இது ஒரு கொமர்ப் புள்ளட கலியாண காரியம். மறைக்கப்படா. பொறகு மறுமையில பதில் சொல்லணும்."

"பார்க்க வடிவா?" என்று இடையில் கேட்டா சபூறா.

"அத நான் சொல்லேலாது."

"நெறம்?"

"காலையில ஒரு மாதிரி. பின்னேரம் ஒரு மாதிரி."

"சாப்பாடு?"

"இண்டைக்கி ஒண்டும் சாப்பிடல்ல" என்றவர் திடுக்கிட்டு, "அதாவது, கொஞ்சமாத்தான் சாப்பிடுவார்" என்றார்.

"தொழுகை?" இது றஸாக்.

"ஒரு நேரமும் விடமாட்டார். சுபஹுக்கு கதிரையில இருந்து தொழுதார்."

"இருந்தா? ஏன், கால் ஏலாதா?" றஸாக் எழும்பப் பார்த்தார். "ராத்தா, தரகன் இதச் சொல்லல்ல!"

"இல்ல, இல்ல. கால் ரெண்டும் நல்லம். கப்பல் ஆடினதால இருந்தவர்."

"கப்பல் ஆடினா நிக்கேலாதா? பக்கீர்ர மகனுக்கா?" றஸாக் கறுப்புக் கண்ணாடியோடு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். "காக்கா, ஒரே ஒரு கேள்வி. அதுக்கு மட்டும் உண்மையச் சொல்லுங்க. எங்கட மச்சான்ர படகு இரிக்கி. மகளுக்குத்தான் அது. வாற மாப்புளதான் பார்க்கணும். அவனுக்கி கடல் ஒத்துக்குமா?"

பஸால் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கேட்டவருக்குக் கண் தெரியாது. சொல்கிறவர் யாரென்றும் தெரியாது. "ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், வாங்கில் இருந்த மூவரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். நான் படிவத்தைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

"ஒத்துக்காது" என்றார் பஸால். "ஒருநாளும் ஒத்துக்கல்ல. பன்ரெண்டு வயசுல வாப்பா கொண்டுபோனார். நாலு பேர்ர சோத்துல சத்தி எடுத்தாரு, படகத் திருப்பிட்டாங்க. ஊர்ல றிவர்ஸ் எண்டுதான் சொல்லுவாங்க. பழகிக்கலாமெண்டுதான் இந்தக் கப்பலுக்கு வந்ததே. பழகல்ல. அலையப் பார்த்தாலே ஏலாது."

படங்கு காற்றில் படபடவென்று அடித்தது. றஸாக் நீண்ட மூச்சொன்றை விட்டார்.

"நல்ல காலம், கேட்டம். எழும்புங்க ராத்தா. இது சரிவராது."

"எங்க எழும்புற? உனக்கு வழி தெரியுமா? இருடா" என்றா சபூறா. "எனக்கி இப்பதான் இந்தப் பொடியனப் புடிச்சிரிக்கி."

"என்ன?"

"முப்பது வருஷமா நான் கலியாணம் முடிச்சி. அதுல பாதி, உன்ர மச்சான் கடல்ல. போன் அடிச்சா சிக்னல் இல்ல. காத்தடிச்சா நித்திர இல்ல. என்ர மகளும் அப்பிடி இரிக்கணுமா? கண்ணாடிக் கடையில அல அடிக்குமா? பின்னேரம் ஆறு மணிக்கு கடையப் பூட்டினா, ஆறேகாலுக்கு ஊட்டுக்குள்ள."

"அப்ப படகு?"

"படகுக்கு ஒரு ஆள் புடி. மகளுக்கு ஒரு ஆள் புடி. ரெண்டையும் ஒராள வெச்சி முடிக்கப் பார்க்கிற நீ."

"ராத்தா, கடல் ஒத்துக்காதவன் நம்மட குடும்பத்துல..."

"நீ காலையில படகுல எடுத்தது என்ன?"

"அது இந்தக் கண் மருந்து..."

"மருந்து பத்து மணிக்குத்தான் விட்டது. நீ எட்டரைக்கு எடுத்த."

றஸாக் மறுபக்கம் திரும்பினார். பிறகு தனக்குப் பக்கத்தில் இருந்த முதியவரிடம் நியாயம் கேட்கிற குரலில், "காக்கா, நீங்க சொல்லுங்க. எங்கட காலத்துல இப்பிடியா?" என்றார்.

அந்த நேரத்தில் தலைமைத் தாதி கதவைத் திறந்துகொண்டு வந்தா. வாங்கில் பஸாலைக் கண்டதும் நின்று, "பஸால்!" என்று கப்பலே கேட்கக் கத்தினா. அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் வந்தவை, ஓய்வு நாளில் நோயாளர்களோடு இருக்கக்கூடாதென்று எத்தனை தடவை சொல்வது, நீ வேலைதானே செய்கிறாய், என்னை ஏமாற்ற முடியாது என்பவை. அவற்றை நான் மொழிபெயர்க்கவில்லை. பெயருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"ஆரு? பஸால் இஞ்ச நிக்காரா?" றஸாக் தலையை நாலு பக்கமும் திருப்பினார்.

பஸால் எழும்பினார். துவாயை அவிழ்த்தார். "நான்தான், மாமா."

"நீங்களா?" றஸாக்கின் வாய் திறந்தபடியே இருந்தது. "நான்... உங்களக் காக்கா எண்டு... எத்தின வயசு உங்களுக்கி?"

"முப்பத்தொண்டு."

"சத்தியமா? நான் எழுவது எண்டு மதிச்சன்."

சபூறா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டிப் பார்த்தா. வலமாகப் பார்த்தா. இடமாகப் பார்த்தா. "ஒண்டும் தெரியல்ல" என்றா. "நடுவுல மூக்கு மாதிரி ஒண்டு இரிக்கி. அது காணும், போதும்."

கரைக்குப் போகும் படகு வந்து ஏணிக்குக் கீழே மோதி மோதி நின்றது. சொட்டு மருந்து விட்டவர்களைத் துணைக்கு ஆளில்லாமல் இறக்க முடியாதென்று படகோட்டி கீழேயிருந்து சொன்னார். மற்றைய தொண்டர்கள் எல்லோரும் வேலையில் இருந்தார்கள். கை சும்மா இருந்த ஒரே ஆள் பஸால். தலைமைத் தாதி சட்டத்தை யோசித்துப் பார்த்துவிட்டு, ஓய்வு நாளில் கரைக்குப் போவது வேலையல்ல, ஓய்வு என்று தீர்ப்புச் சொன்னா.

பஸால் ஏணியைப் பார்த்தார். படகைப் பார்த்தார். அது மேலே வந்தது, கீழே போனது. திரும்பி என்னைப் பார்த்தார். என்னால் செய்யக்கூடியதாக ஒன்றும் இல்லை. முகத்தில் பச்சை மீண்டும் ஏற, அவர் றஸாக்கின் கையைப் பிடித்து முதலில் இறக்கினார். பிறகு ஒரு கையால் ஏணியையும் மறு கையால் கயிற்றையும் பிடித்துக்கொண்டு, சபூறா தன் பாட்டில் இறங்க வழி சொன்னார். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு தானும் குதித்தார்.

நான் கம்பிக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தேன். சபூறா படகின் நடுவில் அரசி போல அமர்ந்திருந்தா. வலப்பக்கம் றஸாக், இடப்பக்கம் பஸால். இரண்டு பேரும் ஏற்கனவே கடலைப் பார்த்துக் குனிந்துவிட்டார்கள். சபூறா தன் கட்டைப் பிரித்து ஆளுக்கு ஒரு சொப்பிங் பேக்கைக் கிழித்து, கையில் தட்டுப்பட்ட பக்கமெல்லாம் நீட்டினா. ஒன்று றஸாக்குக்குப் போனது. மற்றது படகோட்டிக்குப் போனது.

"மனே பஸால்!" இயந்திரச் சத்தத்துக்கு மேலால் சபூறாவின் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது. "வெள்ளிக்கிழம அஸருக்குப் பொறகு உங்கட ஊட்டுக்கு மாப்புள கேட்டு வாறம். ஓமா, இல்லையா?"

பஸாலால் வாயைத் திறந்து ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை. தலை படகுக்கு வெளியே தொங்கியபடி இருக்க, இடக்கையை மட்டும் உயரத் தூக்கினார். அதைக் கண்ட படகோட்டி, பாவம், நிறுத்தச் சொல்கிறாரென்று நினைத்து இயந்திரத்தை அணைத்துவிட்டார். படகு இன்னும் மோசமாக ஆடத் தொடங்கியது.

"என்ன சொல்றார் அவர்?" என்று சபூறா கேட்டா.

"கையத் தூக்கிறார், உம்மா."

"அப்ப நிப்பாட்டாதீங்க, தம்பி. ஓட்டுங்க. அது சம்மதம்!"